டேங்க் கிளீனர் விட்ட தொட்டியில் பி.எச் ஏன் இறங்குகிறது

கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் கெளிற்றைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சுகளைத் திருகோணமலையில் கேட்கலாம். நிலாவெளிப் பக்கம் கிணற்று நீரில் வளர்ப்பவர், மீன் ஒரு சாண் தாண்டிய பிறகும் பி.எச் (தண்ணீரின் அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம்) அசையவேயில்லை என்பார். மார்கழி மழையில் பிடித்த தண்ணீரை நிரப்பிய தொட்டியில் அதே மீனை வளர்த்தவரோ, பி.எச் 6க்குப் போய்விட்டது, மீன் அமிலம் கக்குகிறது என்பார். இரண்டு பேர் அளந்ததும் சரிதான். ஆனால் எந்தக் கெளிறும் அமிலம் கக்குவதில்லை. அது சாப்பிட்டதன் கழிவைப் பக்டீரியாக்கள் எரிக்கும்போதுதான் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலத்தைத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்பதை, நீங்கள் எந்தத் தண்ணீரோடு தொடங்கினீர்கள் என்பதே தீர்மானிக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 200 லீற்றர் தொட்டி. வளர்ந்த டேங்க் கிளீனர் ஒன்று, கூடவே நாலைந்து தங்கமீன். 35 வீதம் புரதம் உள்ள குளிசைத் தீனி நாளுக்கு 10 கிராம் போகிறது. தீனியின் எடையைப் புரத வீதத்தாலும் 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால், மீன்கள் வெளிவிடும் மொத்த அமோனியா நைதரசன் கிடைக்கும். மீன் பண்ணைகளில் பில்டர் அளவைத் தீர்மானிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு இது. 10 கிராம் தீனிக்கு 0.32 கிராம் வருகிறது. பெரும்பகுதி பூவின் (செவுளின்) வழியாகவே கரைந்து வெளியேறும். தொட்டியின் அடியில் நூல் நூலாகக் கிடக்கும் மலத்தைப் பார்த்து அழுக்கை அளப்பவர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த 0.32 கிராமைப் பில்டர் பக்டீரியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. ஒரு கிராம் அமோனியா நைதரசன் முழுதாக மாற, கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, செலவாகும். அப்படியானால் நாளுக்கு 2.3 கிராம், 200 லீற்றரில் லீற்றருக்கு 11.4 மில்லிகிராம். மீன் வளர்ப்பவர்கள் இந்தக் காரத்தன்மையைக் கே.எச் என்று பாகைக் கணக்கில் அளப்பார்கள்; ஒரு பாகை என்பது லீற்றருக்கு 17.9 மில்லிகிராம். ஆக, நாளொன்றுக்கு 0.64 பாகை கரைகிறது; கிழமைக்கு ஏறத்தாழ நாலரைப் பாகை. நைத்திரேற்று மறுபுறம் நாளுக்கு லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஏறும். செடி நிறைந்த தொட்டியில் அமோனியாவின் ஒரு பங்கைச் செடியே உறிஞ்சுவதால் இந்த வேகம் குறையும். டேங்க் கிளீனர் வளர்ந்த தொட்டியில் செடி மிஞ்சுவதே அபூர்வம் என்பதால் அந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

கே.எச் இருக்கும்வரை பி.எச் பெரிதாக அசையாது. தீர்ந்த பிறகு ஓரிரு நாளில் சரியும். மாதக்கணக்கில் 7.6 காட்டிய தொட்டி ஒரு கிழமையில் 6க்கு வருவது இதனால்தான். பி.எச்சை மட்டும் அளப்பவருக்கு முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது. ஒரேயொரு பரிசோதனைக் குப்பிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கே.எச் குப்பியை வாங்குங்கள்.

அளக்கும் முறை எளிது. 5 மில்லிலீற்றர் தொட்டி நீரைக் குழாயில் எடுத்து ஒரு துளி விட்டால் நீலமாகும். ஒவ்வொரு துளிக்கும் மூடிக் குலுக்கிக்கொண்டே போனால் ஏதோவொரு துளியில் நீலம் சட்டென்று மஞ்சளாகிவிடும். எத்தனையாவது துளியோ அத்தனை பாகை. முதல் துளியே மஞ்சளாக விழுந்தால் தண்ணீரில் தாங்குசக்தி ஒன்றும் மிச்சமில்லை. அரைப் பாகை நுணுக்கம் வேண்டுமானால் 10 மில்லிலீற்றர் எடுத்துத் துளி எண்ணிக்கையை இரண்டால் வகுக்கலாம். மழைநீர் தொட்டிக்கு அந்த நுணுக்கம் தேவை.

திருகோணமலையின் மூன்று தண்ணீர்

உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று கரையோர மணல் நிலத்துக் கிணறுகளில் கிடைப்பது, சிப்பித் துகளும் சுண்ணாம்பும் கலந்த மணலூடாக ஊறிய தண்ணீர். அதில் பொதுவாகக் கே.எச் தாராளம். ஆனால் உவர்ப்பையும் தாங்குசக்தியையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. வறட்சி மாதங்களில் கடல்நீர் உள்ளே ஏறிய கிணறு நாக்கில் கரிக்கும், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீற்றர் ஆயிரத்தைத் தாண்டும். அது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. அமிலத்தை அது ஒரு துளியும் தாங்காது. டி.டி.எஸ் மீற்றரைப் பார்த்துக் கே.எச்சை ஊகிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கிணற்று நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டு நிறையக் கரைந்திருக்கும். இறைத்த கையோடு அளந்தால் பி.எச் 7 என்று காட்டும். ஒரு வாளியில் எயார் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணித்தியாலம் விட்டால் அதே தண்ணீர் 8ஐத் தொடலாம். தொட்டிக்குள் போனால் எங்கே நிற்கும் என்பதை அந்த இரண்டாவது அளவே சொல்லும்.

நகரக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளத்து நீரில் கே.எச் பொதுவாகக் கரையோரக் கிணற்றைவிடக் குறைவு. சுத்திகரிப்பில் படிகாரம் சேர்த்தால் அதுவும் கொஞ்சத்தைத் தின்னும். குளோரீனுக்கு ஓர் இரவு எயார் ஸ்டோன் ஓடவிட்டால் போதும். அவசரமென்றால் கடையில் விற்கும் அன்ரி குளோரின். மூன்றாவது மழைநீர். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையில் கூரையிலிருந்து வேண்டியளவு பிடிக்கலாம். முதல் பத்து நிமிட மழையைக் கூரை கழுவிப் போகவிட வேண்டும். அதன் கே.எச் ஏறக்குறைய பூச்சியம்.

இந்த மூன்றையும் மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் முரண்பட்ட அந்த இரு பேச்சும் விளங்கும். கிணற்று நீர் 12 பாகை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 கிராம் தீனி, கிழமைக்கு 30 வீதம் தண்ணீர் மாற்றம் என்றால், மாற்றியவுடன் ஏழுக்குச் சற்றுக் கீழே, அடுத்த மாற்றத்துக்கு முன் நாலரைப் பாகை என்ற மட்டத்தில் தொட்டி நிலைக்கும். நல்ல நிலை. அதே தொட்டியில் 10 கிராம் போட்டால் 30 வீத மாற்றம் ஈடுகொடுக்காது. சில கிழமைகளில் கே.எச் தீர்ந்துவிடும். கிழமைக்குப் பாதித் தண்ணீர் மாற்றினால்தான் ஏழரைக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும். கிணற்று நீரும் மழைநீரும் சரிபாதி கலந்த 6 பாகைத் தண்ணீரில் 5 கிராம் தீனிக்கே 30 வீத மாற்றம் போதாது. மழைநீரை மட்டும் ஊற்றுபவருக்குக் கணக்கே தேவையில்லை.

கச்சான் வீசும் மாதங்களில் வேறொரு விளையாட்டு. வைகாசி முதல் ஆவணி வரை, அந்தக் காய்ந்த காற்றில் திறந்த தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் ஆவியாவது பெரிய விடயமில்லை. அந்த இடத்தைக் கிணற்று நீரால் நிரப்பினால், தண்ணீர் போகும். அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் தங்கும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை மாதம் 60 லீற்றர் சேர்த்தால் 18 கிராம் சேர்கிறது. 200 லீற்றரில் லீற்றருக்கு 90 மில்லிகிராம் ஏற்றம். கெளிறு கே.எச்சை இறக்க, நிரப்பும் தண்ணீர் அதை ஏற்ற, பரிசோதனைக் குழாய் மாதக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே நைத்திரேற்றும் கடினத்தன்மையும் குவிந்துகொண்டிருக்கும். குறைந்ததை நிரப்புவதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல. குறைந்ததை நிரப்ப, மழைக்காலத்தில் மூடிவைத்த பரலில் சேமித்த மழைநீரே சரி. மாற்றத்துக்குத்தான் கிணற்று நீர்.

கட்டை, மணல், தோண்டல்

சக்கர் கெளிறுக்குக் கட்டை கட்டாயம் என்ற பேச்சு பாதி உண்மை. மரத்தைச் சுரண்டியே வாழும் பனாக் என்ற இனம் உண்டு. அது தங்கும் கட்டையில் உளி போட்டதுபோல் வரிவரியான பள்ளம் தெரியும். அடியில் மரத்தூளால் ஆன பழுப்பு நிறக் குச்சிகள் குவியும். அந்த இனம் மரநாரைச் செரிப்பதாகத்தான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2009இல் வெளிவந்த ஆய்வு அதை மறுத்தது: தின்றது நாலு மணித்தியாலத்துக்குள் குடலைக் கடந்துவிடுகிறது, செலுலோசு பெரும்பாலும் அப்படியே வெளியேறுகிறது, ஊட்டம் கிடைப்பது மரத்தில் ஏற்கெனவே உக்கிய பகுதியிலிருந்து. தொட்டிக்கு இதன் பொருள் எளிது. தின்ற கட்டை பில்டரின் பஞ்சுக்கு வந்து சேரும். பனாக் இருக்கும் தொட்டியில் உறிஞ்சுவாய்க்கு ஒரு பஞ்சு உறை போட்டு, அதைக் கிழமைக்கு இரு தடவை தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண டேங்க் கிளீனர் கட்டையின் மேல் படரும் பாசியையும் வழவழப்பையும்தான் சுரண்டும். கட்டை இல்லாமலும் வாழும்.

கட்டையிலிருந்தும் நாட்டு வாதுமை இலையிலிருந்தும் இறங்கும் ரனின் உண்மையிலேயே அமிலம்தான், ஆனால் வலுக்குறைந்தது. கே.எச் 1க்குக் கீழே உள்ள மழைநீரில் பி.எச்சை நன்றாக இறக்கும். 10 பாகைக் கிணற்று நீரில் தேத்தண்ணி நிறம் வருமே தவிர மீற்றர் அசையாது. கிணற்று நீரில் இலையை அள்ளிப் போட்டு ‘மென்னீர்’ செய்யலாம் என்று எண்ணுவது வீண். கடலில் ஒதுங்கிய கட்டையானால், பரலில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, டி.டி.எஸ் ஏறுவது நிற்கும்வரை தொட்டிக்குள் விடக்கூடாது. இந்த ஒரு வேலைக்கு டி.டி.எஸ் மீற்றர் அருமையான கருவி.

நம் கடற்கரை மணல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித் துகள் இருக்கிறது. அந்த மணல் பி.எச் இறங்கும்போது மெல்லக் கரைந்து கே.எச்சைத் திருப்பித் தரும். மென்னீர் மீன்களை இனப்பெருக்கம் செய்பவருக்குத் தொல்லை. டேங்க் கிளீனர் வளர்ப்பவருக்குக் காப்புறுதி. மணலை அலசிக் களைக்க வேண்டாம் என்றால், சமையலறையில் மிஞ்சும் மட்டி, சிப்பி ஓடுகளை அவித்து உடைத்து, 200 லீற்றருக்கு இரண்டு கைப்பிடி வலைப்பையில் கட்டிப் பில்டரின் நீரோட்டத்தில் வைக்கலாம். முருகைக்கல் மட்டும் பொறுக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுப் பக்கம் இன்னும் பெரிய குற்றம்.

கோரிடோரஸ் போன்ற சிறு கெளிறுகள் மணலை வாயால் அள்ளிச் செவுளால் விடும். மேற்பரப்பு மணல் புரண்டுகொண்டே இருப்பதால் அழுக்கு அடியில் இறுகாமல் பில்டருக்குப் போகும்; இது நல்லது. பெரிய மீனை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சாண் டேங்க் கிளீனரோ நம் குளத்துச் சுங்கானோ இரவில் ஓட்டமெடுத்தால், பல மாதம் தொடாத பத்துச் சென்ரிமீற்றர் மணல் படுக்கை ஒரே இரவில் கிளறுப்படும். முட்டை அழுகிய மணம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு என்ற நஞ்சு வாயு. பெரிய கெளிறு உள்ள தொட்டியில் மணல் 3 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டியதில்லை.

ஒட்சிசன் கணக்கைப் பலர் போடுவதேயில்லை. 30 பாகை செல்சியஸில் தண்ணீர் தாங்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம், 200 லீற்றரில் ஒன்றரைக் கிராம். மேலே சொன்ன 0.32 கிராம் அமோனியா நைதரசனை மாற்றப் பில்டர் பக்டீரியாவுக்கு மட்டும் ஏறத்தாழ அதே ஒன்றரைக் கிராம் வேண்டும். அதாவது மீன்களின் மூச்சைச் சேர்க்காமலே தொட்டியின் முழு ஒட்சிசனும் நாளுக்கு ஒரு தடவை புதிதாகக் கரைய வேண்டும். கரண்ட் போய் நாலைந்து மணித்தியாலம் மூடிய கனிஸ்டர் பில்டர் நின்றால் உள்ளே பக்டீரியா மூச்சுத்திணறிச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்தவுடன் அந்த நீரைத் தொட்டிக்குள் தள்ளாமல், திறந்து கொட்டி, பஞ்சை அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

கெளிறுகள் இதில் நம்மை ஏமாற்றும். டேங்க் கிளீனர் இரைப்பையாலும், கோரிடோரஸ் குடலாலும், சுங்கான் முதுகுப்பக்கம் நீளும் காற்றுப்பையாலும் மேலேயிருந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். மற்ற மீன் செத்து மிதக்கும்போது கெளிறு மட்டும் திடமாக இருப்பதால் ‘தண்ணீரில் பிழையில்லை, நோய்தான்’ என்று மருந்து தேடிப் போகிறார்கள். கோரிடோரஸ் ஓரிரு தடவை மேலே ஓடி வருவது இயல்பு. கூட்டமாக ஓயாமல் ஓடினால் ஒட்சிசனையும் நைத்திரைற்றையும் பாருங்கள்.

பழி யார்மேல்?

பி.எச் இறங்கினால் மூன்று பேர்மேல் சந்தேகம் வரும்: காபனீரொட்சைட்டு, கட்டை, கழிவு. முதலாவதைப் பிடிக்க, ஒரு கோப்பை தொட்டி நீரை எடுத்து மூன்று மணித்தியாலம் எயார் ஸ்டோனால் கலக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பி.எச் ஏறினால் குற்றவாளி வாயுதான். நீரின் மேற்பரப்பை அசைய விட்டால் தீரும். ஏறாவிட்டால் இரண்டு வாளி. ஒன்றில் நீங்கள் வழக்கமாக ஊற்றும் தண்ணீர் மட்டும், மற்றதில் அதே தண்ணீரோடு தொட்டியின் கட்டையும் ஒரு கை மணலும். இரண்டிலும் எயார் ஸ்டோன். ஏழு நாளில் வாளிகளிலும் தொட்டியிலும் கே.எச் எடுத்து ஒப்பிடுங்கள். வாளிகள் இரண்டும் அசையாமல் தொட்டி மட்டும் இறங்கினால் காரணம் தீனியும் கழிவும். அந்த ஏழு நாளும் தீனியை நிறுத்துப் போட்டால், மேலே உள்ள கணக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம்.

பி.எச் சரிந்துவிட்ட தொட்டியைத் திருத்துவதில்தான் அதிக மீன் சாகிறது. 6.5க்குக் கீழே பில்டர் பக்டீரியா தளர்ந்து, 6ஐ நெருங்க ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்யும். அமோனியா குவியும். ஆனால் பி.எச் 6.2இல் அதில் நஞ்சான வடிவம் 0.13 வீதம்தான், மிச்சமெல்லாம் தீங்கு குறைந்த அமோனியம். லீற்றருக்கு 4 மில்லிகிராம் இருந்தாலும் மீன் சாப்பிட்டுக்கொண்டு திரியும். பதறிப்போய்ப் பாதித் தண்ணீரைக் கொட்டிப் பி.எச் 8 கிணற்று நீரை ஊற்றினால், 30 பாகை வெப்பத்தில் நஞ்சுப் பங்கு 7.5 வீதத்தை நோக்கி ஏறும். மொத்த அமோனியா பாதியாகியும் நஞ்சு பல மடங்காகிவிடும். விடியும்போது மீன்கள் பூ எரிந்து பக்கவாட்டில் கிடக்கும். ‘நல்ல தண்ணீர் ஊற்றித்தான் செத்தது’ என்ற புலம்பலுக்கு இதுவே விளக்கம்.

அதனால் ஒழுங்கு முக்கியம். முதலில் தீனியை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கெளிறுக்கு ஒன்றுமில்லை. பி.எச்சை ஏற்றாமலே அமோனியாவைக் குறைக்க வேண்டும். மழைநீர் போன்ற கே.எச் குறைந்த தண்ணீரால், அதே வெப்பநிலையில், காலையும் மாலையும் கால்பங்கு மாற்றுங்கள். மொத்த அமோனியா லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகே கே.எச். அப்பச்சோடா 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் ஒரு பாகை ஏறும். ஒரு நேரத்துக்கு அதில் பாதி, அதாவது ஒன்றரைக் கிராம், கோப்பையில் கரைத்துப் பில்டர் வாயருகில் மெல்ல ஊற்றுங்கள். அடுத்த பாதி மறுநாள். 4 பாகை வந்த பிறகு வழக்கமான தண்ணீருக்குச் சிறுகச் சிறுகத் திரும்பலாம். ஓடிப் பழகிய வேறொரு தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் பில்டருக்குள் வையுங்கள். கடைக் குப்பிப் பக்டீரியாவைவிட அதில் நம்பிக்கை அதிகம்.

கொழும்பிலிருந்து மீன் தருவிக்கும்போதும் இதே இரசாயனம். 250 கிலோமீற்றருக்கு மேல் பையில் வரும் மீன் விட்ட காபனீரொட்சைட்டு பையின் பி.எச்சை இறக்கி, கூடவே சேர்ந்த அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு பறக்கும், பி.எச் ஏறும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது நஞ்சில் ஊறவைப்பதற்குச் சமம். மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்து, திறந்த கையோடு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

கோரிடோரஸ் பையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மார்புத் துடுப்படியில் உள்ள சுரப்பியிலிருந்து, மிரண்டால், நஞ்சு விடும். தண்ணீர் இலேசாக வெண்மையாகி நுரைக்கும். மூடிய பையில் கூட வந்த மீன்களோடு அவையே சாவதும் நடக்கும். அதனால் பிடித்தவுடன் பையில் அடைக்காமல், வாளியில் கால் மணித்தியாலம் அடங்கவிட்டு, புதுத் தண்ணீரில் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். முள் குத்துவதால் பை இரட்டையாக இருக்கட்டும்.

தொட்டி கொள்ளாமல் வளர்ந்த டேங்க் கிளீனரைக் கந்தளாய்க் குளத்திலோ மகாவலி ஆற்றிலோ விடலாமா என்ற கேள்விக்கும் பதில் இரசாயனத்திலேயே இருக்கிறது. இந்த மீனின் கவசம் முழுக்க எலும்புத் தகடு. எலும்புக்குப் பொசுபரசு வேண்டும். மெக்சிக்கோவின் சாக்காமாக்ஸ் ஆற்றில் பெருகிய இதே இனக் கெளிறுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவை ஆற்றின் பொசுபரசைத் தம் உடம்பில் பூட்டிவைத்து, நைதரசனை அள்ளிக் கக்கி, ஆற்றின் ஊட்டச் சமநிலையையே மாற்றியிருந்தன. இலங்கையின் பல நீர்த்தேக்கங்களில் இவை ஏற்கெனவே பெருகி, மீனவரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் முற்றத்தில் ஆயிரம் லீற்றர் சீமெந்துத் தொட்டி, மேலே வலை, நிழல். புதுச் சீமெந்து பி.எச்சை 10க்கு மேலே தள்ளும். இரண்டு மூன்று கிழமை நிரப்பிக் கொட்டி, கடைசி நீர் 8.5க்குக் கீழே நின்ற பிறகு மீனை விடலாம்.